ஐந்தாறு நாளில் ஒரு படம்: 1930களின் மலிவு கௌபாய் படங்கள், பார்த்தவர்கள் வாருங்கள்

ரீல்பெட்டி:
வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று மூன்று மாதமாகப் பார்த்து, ஹாலிவுட் நடிகர் ஜான் வேய்ன் 1933 முதல் 1935 வரை லோன் ஸ்டார் கம்பெனிக்கு நடித்த 16 படங்களையும் முடித்துவிட்டேன். வீட்டில் இதைப் பேச ஆள் இல்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1930-இல் ராவுல் வால்ஷ் இயக்கிய தி பிக் டிரெயில் படத்தில் வேய்ன்தான் கதாநாயகன். பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு, 70 எம்எம் படம், அதை ஓட்டிக் காட்ட வசதி இருந்த தியேட்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். படம் படுத்துவிட்டது. அப்புறம் 1939-இல் ஜான் ஃபோர்டின் ஸ்டேஜ்கோச் வரும்வரை மனிதர் சில்லறைப் படங்களில்தான் காலம் தள்ளினார். அந்தச் சில்லறையில் ஒரு பிடிதான் இந்த 16. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். படப்பிடிப்பு ஒரு வாரம் தாண்டாது. தயாரிப்பாளர் பால் மால்வெர்ன், வெளியிட்டது மோனோகிராம்.

எல்லாம் நல்ல படம் என்று சொல்ல வரவில்லை, பாதி தூக்கம் வரும். ஆனால் 1934-இல் வந்த ராண்டி ரைட்ஸ் அலோன் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். வேய்ன் குதிரையில் வந்து ஒரு சாராயக்கடை வாசலில் இறங்குகிறார். உள்ளே பியானோ கேட்கிறது, உற்சாகமான மெட்டு. கதவைத் தள்ளி உள்ளே போனால் அங்கங்கே பிணம். யாரும் வாசிக்கவில்லை, அது தானாக வாசிக்கும் பியானோ, செத்தவர்களுக்கு நடுவே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரில் ஒரு படம், அதில் இருக்கும் கண்கள் நகர்கின்றன. பின்னணி இசை கிடையாது, வசனம் கிடையாது. ஒரு அறை, ஒரு பியானோ, தரையில் படுத்துக்கிடக்க நாலைந்து ஆள், இதற்கு என்ன செலவாகியிருக்கும்? காசு இருந்திருந்தால் கொள்ளையர் வந்து சுடும் சண்டையையே எடுத்திருப்பார்கள், இவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

அதனால் என் கட்சி இதுதான்: இந்தப் படங்களில் எது நன்றாக இருக்கிறதோ அது கையில் காசு இல்லாததால் வந்தது. வாருங்கள், சண்டை போடுவோம்.

அரைடிக்கெட்:
சண்டைக்கு நான் வந்துவிட்டேன். இரண்டு படம் பார்த்தேன் அண்ணே, இரண்டிலும் அதே பாறையைச் சுற்றி அதே ஆறு பேர் அதே ஆறு பேரைத் துரத்துகிறார்கள். ராத்திரி என்று சொல்கிறார்கள், நிழல் தரையில் கறுப்பாக விழுகிறது. ஒரு ஊரே வறண்டு கிடக்கிறது என்று கதை, கதாநாயகன் சட்டை மட்டும் இஸ்திரி போட்டது போல இருக்கிறது. காசு இல்லாததால் வந்த அழகு என்று நீங்கள் சொல்வது, ஓட்டைக் கூரை வழியாக நிலா தெரிகிறது என்று சந்தோஷப்படுவது போல.

ரீல்பெட்டி:
ஹாஹா. நீங்கள் பார்த்தது ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி, இந்த வரிசையில் முதல் படம், 1933. தண்ணீர்ப் பிரச்சினைக் கதை. அதில் வேய்ன் பாடுவாரே, அதைக் கவனித்தீர்களா?

அரைடிக்கெட்:
கவனிக்காமலா! துப்பாக்கிச் சண்டைக்கு நடந்து போகும்போது பாடிக்கொண்டே போகிறார். வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கிணற்றுக்குள்ளிருந்து வேறு யாரோ பாடுவது போல இருந்தது.

ரீல்பெட்டி:
வேறு யாரோதான். இரவல் குரல். இயக்குநர் ராபர்ட் பிராட்பரியின் மகன் பாடியது என்று சொல்வார்கள். வேய்னுக்குப் பாட்டு வராது. மேடையில் ரசிகர்கள் பாடச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வது என்று மனிதருக்கு ஒரே சங்கடம், சீக்கிரமே அந்தப் பாட்டுக்காரன் வேடத்தை விட்டுவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
படத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, வியாபாரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் படம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

பெரிய ஸ்டுடியோக்களுக்குச் சொந்தத் தியேட்டர்கள் இருந்தன, நாடு முழுக்க விநியோகக் கிளைகள் இருந்தன. சின்னக் கம்பெனிகளுக்கு இரண்டும் இல்லை. படத்தை ஏரியா ஏரியாவாக அந்தந்த ஊர் விநியோகஸ்தருக்கு விற்றுவிடுவார்கள், நம் ஊரில் அவுட்ரேட்டுக்குக் கொடுப்பது போலத்தான், அங்கே ஸ்டேட்ஸ் ரைட்ஸ் என்று பெயர். தியேட்டர்காரர் வசூலில் பங்கு தரமாட்டார், ஃபிக்ஸட் ஹயர், இத்தனை நாளுக்கு இவ்வளவு என்று முடிந்தது. இதில் என்ன ஆகிறது? படம் ஓஹோ என்று ஓடினாலும் தயாரிப்பாளருக்கு ஒரு காசு கூடுதலாக வராது, ஈ ஓட்டினாலும் ஒரு காசு குறையாது. எவ்வளவு வரும் என்று எடுக்கும் முன்பே தெரியும். அப்படியானால் லாபம் பார்க்க ஒரே வழி செலவைக் குறைப்பது. இந்தப் படங்களுக்குப் பட்ஜெட் 10,000 முதல் 15,000 டாலர் என்று சொல்வார்கள். நன்றாக எடுத்தால் கூடுதலாக எதுவும் கிடைக்காத வியாபாரத்தில் நன்றாக எடுக்கப்பட்ட ஒரு காட்சி இருந்தால், அது யாரோ சொந்த ஆசைக்குச் செய்தது. ரீல்பெட்டி சொல்லும் பியானோ அப்படித்தான் இருக்கவேண்டும்.

இன்னொன்று, பொருளாதார மந்தக்காலம் வந்தபின் தியேட்டர்கள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் போட ஆரம்பித்தன. அந்த இரண்டாவது படத்துக்காகத்தான் இந்தச் சரக்கு. பெரிய படத்தோடு சேர்த்து ஓட்ட வேண்டும், அதனால்தான் ஒரு மணி நேரம்.

இதே மாதிரி மலிவுப் படங்கள் எடுத்த ரிபப்ளிக் கம்பெனி உருவான விதம் இன்னும் வேடிக்கை. ஹெர்பர்ட் யேட்ஸ் என்பவர் ஃபிலிம் கழுவும் லேப் வைத்திருந்தார். சின்னக் கம்பெனிகள் எல்லாம் அவரிடம்தான் கழுவும், எல்லாரும் அவருக்குக் கடன். 1935-இல் மோனோகிராம், மாஸ்காட் முதலான கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து ரிபப்ளிக் என்று பெயர் வைத்துவிட்டார். லேப் பாக்கி வைத்துப் படக்கம்பெனி பிடிப்பது என்பது எந்த ஊர் சினிமாக்காரருக்கும் புரியும் கதை. மோனோகிராம்காரர்கள் இரண்டே வருடத்தில் பிய்த்துக்கொண்டு போய்த் தனிக்கடை திறந்துவிட்டார்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி:
அரைடிக்கெட் சொன்ன அந்தப் பாறைக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன். வேலைக்காக இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் வடமேற்கு மூலை. ஐவர்சன் ராஞ்ச் என்று ஒரு குடும்பத்தின் பண்ணை, அந்தக் காலத்தில் படக்கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஹாலிவுட்டிலிருந்து காலையில் கிளம்பி வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம், ஆள்களுக்கு ராத்தங்கல் செலவு கிடையாது. பாறை அதே பாறையாக இருந்ததற்கு அதுதான் காரணம். பண்ணையில் பெரும்பகுதி இப்போது வீடுகள், நெடுஞ்சாலை 118 அதன் ஊடாகப் போகிறது. கார்டன் ஆஃப் தி காட்ஸ் என்று ஒரு துண்டு மட்டும் பூங்காவாக மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கப் போவேன். மணற்பாறை, கிட்டே போய்த் தொட்டால் விரலில் பொடி ஒட்டும். படத்தில் வனாந்தரம் போலத் தெரிகிறதே, நேரில் நின்றால் இரண்டு பாறைக்கு நடுவே சும்மா ஒரு வண்டிப்பாதை அளவுதான். கேமராவைத் தாழ்வாக வைத்து எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் அந்த உயரம்.

சன்செட் பூலவார்டும் கோவர் தெருவும் சந்திக்கும் முனைக்கும் போனேன். கோவர் கல்ச் என்று அந்த இடத்துக்குப் பட்டப்பெயர். பண்ணை வேலை போய் அரிசோனா, மான்டானா பக்கமிருந்து வந்த நிஜ மாட்டுக்காரர்கள் சொந்தத் தொப்பி, சொந்தப் பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்த முனையில் காத்திருப்பார்களாம், படக்கம்பெனி ஆள் வந்து எண்ணிக் கூட்டிப்போவான். சுற்றிலும் சின்னச் சின்னக் கம்பெனிகள், அதனால் அந்த வட்டாரத்துக்கே பாவர்ட்டி ரோ, ஏழ்மை வரிசை என்று பெயர். இப்போது அந்த முனையில் கௌபாய் ஊர் போல முகப்பு வைத்த ஒரு கடைத்தொகுதி இருக்கிறது. நான் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரீல்பெட்டி:
சாட்ஸ்வொர்த்வாசி, அடுத்த தடவை போனால் அந்தப் பாறையைத் தாழ்ந்த கோணத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், புண்ணியமாகப் போகும். அந்தத் தாழ்ந்த கோணம் சும்மா வந்ததில்லை. லோன் ஸ்டார் படங்கள் பலவற்றுக்கு ஒளிப்பதிவு ஆர்ச்சி ஸ்டவுட். அதே மனிதர் பின்னால் ஜான் ஃபோர்டிடம் போய் ஃபோர்ட் அபாச்சி எடுத்தார், 1952-இல் வந்த தி கொயட் மேன் படத்துக்கு இன்னொருவரோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார். அந்தப் படத்தைத் தயாரித்தது யார் தெரியுமா, கணக்குப்பிள்ளை சொன்ன அதே லேப் முதலாளியின் ரிபப்ளிக்.

அரைடிக்கெட்:
சரி, ஒளிப்பதிவாளர் பெரிய ஆள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏமாற்று வேலைக்கு என்ன சொல்கிறீர்கள்? 1932, 33-இல் வார்னர் பிரதர்ஸுக்கு வேய்ன் ஆறு படம் நடித்தாரே. இன்னொரு கௌபாய் நடிகரான கென் மேனார்டின் மௌனப் படங்களிலிருந்து குதிரைக் கூட்டம், மாட்டு மந்தை, துரத்தல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, நடுவில் வேய்ன் முகத்தை மட்டும் ஒட்டினார்கள். ஒட்டு தெரியக்கூடாது என்று வேய்னுக்கு மேனார்ட் போலவே உடுப்பு, மேனார்டின் வெள்ளைக் குதிரை டார்சன் போலவே ஒரு வெள்ளைக் குதிரை. இதற்குப் பெயர் சினிமாவா?

ரீல்பெட்டி:
எனக்கு அது பிடிக்கும் என்றால் அடிப்பீர்களா? ஒரு நடிகரைப் பழைய ஃபிலிமுக்குப் பொருத்தமாகத் தைத்திருக்கிறார்கள், வழக்கமாக உடுப்பைத்தான் நடிகருக்குத் தைப்பார்கள். அந்தப் படங்களின் தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கர், லூனி டியூன்ஸ் கார்ட்டூன்களின் முதலாளி. கார்ட்டூன்காரருக்கு வெட்டி ஒட்டுவது புதிதா என்ன.

இதைவிடப் பெரிய கூத்து யகிமா கேனட். முரட்டுக் குதிரை அடக்கும் ரோடியோ போட்டிகளில் சாம்பியன், அப்புறம் ஸ்டண்ட்காரர். லோன் ஸ்டார் படங்களில் பெரும்பாலும் வில்லன் கூட்டத்தில் ஒருவர், அதோடு வேய்னுக்கு டூப்பும் அவரே. ஆக, வில்லன் கேனட்டைக் கதாநாயகன் வேய்ன் துரத்துகிறார், தூரத்துக் காட்சியில் வேய்னாகக் குதிரை ஓட்டுவதும் கேனட். தன்னைத் தானே துரத்திப் பிடித்துத் தானே அடித்த ஒரே தொழிலாளி.

அடி என்றதும் ஞாபகம் வருகிறது. அதுவரை சண்டைக் காட்சியில் தோளில் நிஜமாகவே குத்திக்கொள்வார்களாம். குத்து முகத்தை ஒட்டிக் காற்றில் போகட்டும், கேமராவைப் பக்கத்தில் சரியான கோணத்தில் வைத்தால் பட்டது போலத் தெரியும் என்ற முறையை வேய்ன், கேனட், பிராட்பரி சேர்ந்து கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஐந்தாறு நாளில் படம் முடிக்க வேண்டும், தாடை வீங்கினால் யார் காத்திருப்பது? ஸ்டேஜ்கோச்சில் கேனட் முன்குதிரைகள் மேல் தாவி, அப்புறம் கீழே விழுந்து, வண்டி தலைக்கு மேல் கடந்து போகுமே, அதெல்லாம் இங்கே பழகிய கைதான். 1959-இல் பென்ஹர் ரதப்பந்தயம் வரைக்கும் அந்தக் கை போனது.

குதிரைவாலி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ரீல்பெட்டி சார், தாடைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் என்று பெருமையாக எழுதினீர்கள். குதிரைக்கு?

ரன்னிங் டபிள்யூ என்று ஒரு வேலை உண்டு. குதிரையின் முன்கால்களில் பட்டி மாட்டி, அதிலிருந்து மெல்லிய கம்பியை வயிற்றுப் பட்டை வளையம் வழியாகக் கொண்டுபோய், தூரத்தில் மண்ணில் புதைத்த கட்டையில் கட்டிவிடுவார்கள். குதிரை முழு வேகத்தில் ஓடும். கம்பி தீர்ந்ததும் முன்கால் இரண்டும் சடாரென்று மேலே இழுபடும், குதிரை தலைகுப்புற விழும். விழப்போவது ஸ்டண்ட்காரருக்குத் தெரியும். குதிரைக்குத் தெரியாது. கழுத்து முறிந்தவை உண்டு, கால் முறிந்து சுடப்பட்டவை உண்டு. இந்த வித்தையில் பெரிய கை என்று பெயர் எடுத்தவர் அதே கேனட்தான். தான் செய்தவற்றில் ஒரு குதிரைகூட முடமாகவில்லை என்று அவர் தன் தரப்பைச் சொல்லியிருக்கிறார். அவர் கை சுத்தமாகவே இருக்கட்டும், மற்றவர்கள் கையும் அப்படியா?

மலிவுப் படங்களோடு இது நிற்கவில்லை, பெரிய படங்களில் இன்னும் மோசம். 1939-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் படத்துக்காக ஒரு குதிரையை உயரமான பாறையிலிருந்து தண்ணீரில் விழவைத்துக் கொன்றார்கள், அதற்கு எழுந்த கூச்சலில்தான் 1940-இல் அமெரிக்கன் ஹ்யூமேன் அசோசியேஷன் என்ற விலங்குநல அமைப்பு ஹாலிவுட்டில் அலுவலகம் போட்டுக் கண்காணிக்க ஆரம்பித்தது. ஆனால் உங்கள் வாதத்துக்கு வருகிறேன். காசு இல்லாததால் நல்லது வந்தது என்கிறீர்கள். காசு இல்லாததால் இதுவும்தான் வந்தது. விழப் பழக்கிய குதிரைக்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவை, அதற்கு வாடகையும் அதிகம். கம்பிக்கு என்ன விலை? மலிவு மலிவு என்கிறீர்களே, மிச்சம் பிடித்த காசு யார் உடம்பிலிருந்து வந்தது என்று கேட்கவேண்டாமா?

என் தாத்தா வண்டிக்குதிரை வைத்திருந்தவர், அதனால் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன்.

ரீல்பெட்டி:
சூடு சரிதான். நான் அந்த விழுதல்களைப் பார்த்துக் கைதட்டியவன், பொய் சொல்லமாட்டேன். நேற்று உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு படத்தைத் திரும்பப் போட்டேன். குதிரை விழும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ஆள் விழுவதற்கு முன்பே காலைச் சேணத்து மிதிவளையத்திலிருந்து எடுத்துவிடுகிறார். நீங்கள் சொன்னது போல அவருக்குத் தெரியும். காட்சி அதோடு வெட்டப்படுகிறது, குதிரை எழுந்ததா என்று காட்டவில்லை. என் கட்சியில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பியானோவை மட்டும் விடமாட்டேன்.

தேவகி_கே:
எல்லாரும் வேய்னையே சுற்றுகிறீர்கள். மலிவாக எடுக்க முடிந்ததால்தான் உள்ளே வரமுடிந்தவர்களும் இருக்கிறார்கள். ஹெர்ப் ஜெஃப்ரீஸ் என்ற கறுப்பினப் பாடகர் 1937 முதல் 1939 வரை நாலு கௌபாய் படங்களில் நாயகன், ஹார்லம் ஆன் தி ப்ரெய்ரி முதலாவது. முழுக்கக் கறுப்பின நடிகர்கள், கறுப்பின மக்கள் போகும் தியேட்டர்களுக்காக எடுத்தது. படப்பிடிப்பு விக்டர்வில் பக்கத்தில் ஒரு கறுப்பினத்தவர் நடத்திய விருந்தினர் பண்ணையில். நிஜ மேற்கில் மாட்டுக்காரர்களில் எத்தனையோ பேர் கறுப்பினத்தவர்தான், ஆனால் பெரிய ஸ்டுடியோ அப்படி ஒருவரைக் குதிரையில் ஏற்றி நாயகன் ஆக்கவில்லை. ஆக்கியது சில்லறைக் கம்பெனி.

உடனே கண்ணீர் விடவேண்டாம். அந்த முதல் படத்தின் தயாரிப்பாளர் ஜெட் புவெல் அடுத்த வருடமே குள்ளமானவர்களை மட்டும் வைத்து, குட்டிக் குதிரைகளில் ஏற்றி, ஒரு கௌபாய் படம் எடுத்துச் சிரிக்க வைத்தார். அவருக்கு எல்லாமே புதுச்சரக்குதான்.

பெண்கள் விஷயம் கேட்டால், 1939-இல் டோரதி பேஜை வைத்து, பாடும் கௌகேர்ள் என்று கிராண்ட் நேஷனல் கம்பெனி மூன்று படம் எடுத்தது, கம்பெனியும் மூடிக்கொண்டது. பாடும் கௌபாய் நடிகர் ஜீன் ஆட்ரியின் படங்கள் பலவற்றுக்குத் திரைக்கதை எழுதிய பெட்டி பர்பிரிட்ஜை யாரும் பேசுவதில்லை. மௌனப் படக் காலத்து நடிகை லூயிஸ் புரூக்ஸின் கடைசிப் படமும் 1938-இல் ரிபப்ளிக்கின் கௌபாய் படம்தான், நாயகன் அதே வேய்ன். பெர்லினில் இயக்குநர் பாப்ஸ்ட் எடுத்த படத்தில் நடித்தவர் முடிந்து போன இடம் அது.

மாலைக்காட்சி:
நம்ம இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரை வைத்து எடுத்த கௌபாய் படங்களை யாரும் சொல்லவில்லையே?

ரீல்பெட்டி:
அது இத்தாலிக்காரர்கள் வழியாக வந்த சொத்து, காலமும் வேறு. தனி இழை திறவுங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஜீன் ஆட்ரி பெயர் வந்ததால் ஒரு பின்குறிப்பு. 1938-இல் சம்பளத் தகராறில் ரிபப்ளிக்கை விட்டு வெளியே போனார். இன்னொரு புகாரும் உண்டு, தன் படம் வேண்டுமென்றால் கம்பெனியின் மற்ற படங்களையும் எடுத்தே ஆகவேண்டும் என்று தியேட்டர்காரர்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று. யேட்ஸ் அசரவில்லை. லெனர்ட் ஸ்லை என்ற பாட்டுக்காரரைப் பிடித்து, ராய் ராஜர்ஸ் என்று பெயர் மாற்றி, ஆட்ரி இடத்தில் நிறுத்தினார். அவரும் நட்சத்திரம் ஆகிவிட்டார். வாடகைக்கு வந்த டிரிகர் என்ற குதிரையை ராய் பிற்பாடு 2,500 டாலர் கொடுத்துச் சொந்தமாக வாங்கிக்கொண்டார். குதிரைவாலி கவனத்துக்கு: பெயர் உள்ள குதிரைக்குக் கம்பி கட்டமாட்டார்கள்.

குதிரைவாலி:
பெயர் இல்லாததுக்குத்தான் கட்டுவார்கள். தெரியும்.

அரைடிக்கெட்:
செவ்விந்தியர் விஷயத்தில் நான் ஒரு அடி அடிக்கலாம் என்று காத்திருந்தேன், ஆனால் பார்த்த இரண்டு படத்திலும் செவ்விந்தியரே இல்லை. வில்லன் ஒன்றில் தண்ணீரை வளைத்துப்போட்டவன், ஒன்றில் நிலத்தை.

தேவகி_கே:
முதலில் அந்தச் சொல்லை விடுங்கள், பூர்வகுடிகள் என்று சொல்லலாம். அவர்கள் இல்லாததற்கு நல்லெண்ணம் காரணமில்லை, நூறு பேருக்குக் கூலி கொடுக்க ஆகாது, அவ்வளவுதான். தேவைப்பட்டால் மௌனப் படத் துண்டை ஒட்டிவிடுவார்கள், அதில் வழக்கமான அநியாயம் அத்தனையும் இருக்கும். ஆனால் கூட்டம் கட்டுப்படியாகாததால் வில்லன் ஊருக்குள்ளேயே ஒருவனாக இருக்கவேண்டியதாயிற்று, கோட்டுப் போட்ட பேங்க்காரன், அடமானம் பிடித்தவன். மந்தக்காலத்தில் பண்ணையை ஏலத்தில் பறிகொடுத்தவர்கள் உட்கார்ந்து பார்த்த படம் இது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ரீல்பெட்டி:
தேவகி, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. ராண்டியிலும் அப்படித்தான், வாய்பேசாத கூனனாக, எழுதிக் காட்டிப் பேசிக்கொண்டு ஊருக்குள் திரிகிறவன்தான் கொள்ளைக் கூட்டத் தலைவன். அவன் எழுதிக் காட்டிய கையெழுத்தே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. நடித்தவர் ஜார்ஜ் ஹேய்ஸ், பிற்காலத்தில் பொக்கைவாய்த் தாத்தாவாக எல்லாரையும் சிரிக்க வைத்தவர்.

அரைடிக்கெட்:
கதையைச் சொல்லித் தொலைத்துவிட்டீர்களே! இன்றைக்குப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

ரீல்பெட்டி:
90 வருடப் படத்துக்கு இதெல்லாம் கணக்கில்லை தம்பி. பிரதி மட்டும் பார்த்து எடுங்கள். இந்தப் படங்களுக்கு 28 வருடத்தில் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், அதனால் யார் வேண்டுமானாலும் ஏற்றியிருக்கிறார்கள், பாதி தேய்ந்த டிவி பிரதி. வீடியோ காலத்தில் எவரோ சின்தசைசர் இசை சேர்த்த பிரதிகளும் சுற்றுகின்றன, அவை வேண்டவே வேண்டாம்.

அரைடிக்கெட்:
போட்டேன். முதல் நிமிடத்திலேயே டொய்ங் என்று சின்தசைசர். பியானோ கேட்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ரீல்பெட்டி:
நிறுத்துங்கள், நிறுத்துங்கள். வேறு பிரதி தேடி அனுப்புகிறேன். அவர் கதவைத் தள்ளும்வரை குளம்புச் சத்தமும் அந்தப் பியானோவும் மட்டும்தான் கேட்கவேண்டும்.